பீரும் ஆகாது, வைனும் ஆகாது: ஓர் ஆசாமியின் வனவாசம்

1920 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக் நகரத்தில் ஒரு சவ ஊர்வலம் போனது. இறந்தவர் ஜான் பார்லிகார்ன். அப்படி யாரும் கிடையாது. சாராயத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பட்டப்பெயர் அது. சவப்பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு பில்லி சண்டே என்ற பிரசங்கியார் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் குதித்துக் குதித்துப் பேசினார். ஆள் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர், குதிக்கத் தெரியும். இனிமேல் ஜெயிலுக்கு வேலையில்லை, நரகத்தில்கூட இடம் காலியாகும் என்கிற ரீதியில் போனது பேச்சு. ஜனவரி 17 பிறந்ததும் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு.

அது 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. ராமருக்குக் கைகேயி வாங்கிக் கொடுத்தது 14 வருஷம். அமெரிக்கக் குடிகாரருக்குக் கிடைத்தது அதைவிட ஒன்றரை மாதம் குறைவு. கைகேயி வேலையைப் பார்த்தவர் வேய்ன் வீலர் என்ற கண்ணாடி போட்ட வக்கீல். சலூன் (அந்த ஊரில் மதுக்கடை) எதிர்ப்புச் சங்கத்தின் மூளை.

இந்தக் கதையை யார் சொன்னாலும் கள்ளச்சாராய தாதா அல் கபோனில் ஆரம்பித்து அல் கபோனில் முடிப்பார்கள். எனக்கு அந்தத் தொப்பிக்காரர் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு ஓர் ஆசாமியைப் பற்றி. பீர் என்றால் கசக்கிறது என்பார், வைன் என்றால் புளிக்கிறது என்பார், ஒரு பெக் ஜின்னோ விஸ்கியோ இருந்தால் போதும் என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஊருக்கு நாலு பேராவது இப்படி உண்டு. சரித்திரக்காரர்கள் அவரைக் கண்டுகொண்டதே இல்லை. சட்டம் மட்டும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவரைத்தான் குறிபார்த்து அடிக்கிறது. அவருக்காகத்தான் இந்த வக்காலத்து.

முதல் துரோகம் சொந்தக் கூடாரத்திலேயே நடந்தது. மதுவிலக்கைக் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 18-வது திருத்தம் 'போதை தரும் மதுபானம்' என்றுதான் சொன்னது. பீர் கம்பெனி முதலாளிகள் பல வருஷமாக ஒரே பல்லவி பாடிவந்தார்கள்: பீர் ஆரோக்கியமானது, குடும்பத்தோடு குடிக்கத் தக்கது, குடியைக் கெடுப்பதெல்லாம் அந்த விஸ்கிக்காரன்தான். விஸ்கியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தாங்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. 1919 அக்டோபரில் ஜனாதிபதி வில்சனின் வீட்டோவையும் மிதித்துக்கொண்டு நிறைவேறிய வோல்ஸ்டெட் சட்டம், அரை சதவீத ஆல்கஹால் இருந்தாலே மதுபானம் என்று சொல்லிவிட்டது. பீருக்கும் சேர்த்துச் சங்கு. உலகப் போர் முடிந்த சூடு வேறு. ஜெர்மன் பெயர் வைத்த கம்பெனிக்காகப் பரிந்து பேச நாதியில்லை. நம்மாள் இதைக் கேட்டு ஒரு நாள் சிரித்திருப்பார். ஒரு நாள்தான்.

ஏனென்றால் அந்தச் சட்டத்தைப் பொறுமையாகப் படித்தால், காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது, கொண்டுபோகக் கூடாது என்று இருக்கிறதே ஒழிய, குடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சட்டம் அமலுக்கு வருமுன் வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டால், விருந்தாளிகளோடு உட்கார்ந்து ஆயுசுக்கும் குடிக்கலாம். காசுள்ளவர்கள் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். நியூயார்க்கில் யேல் கிளப் 14 வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரி வாங்கிப் போட்டதாகச் சொல்வார்கள். படித்தவர்கள் கிளப் அல்லவா, ஜோசியமும் தெரிந்திருக்கிறது. வீட்டோ போட்ட வில்சன் 1921-ல் பதவி முடிந்து போகும்போது தன் சரக்கையும் புது வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்து வந்த ஹார்டிங் வெள்ளை மாளிகையில் சீட்டுக்கச்சேரி வைத்து விஸ்கி ஊற்றினார். முன்கூட்டி வாங்கி வைக்க வழியில்லாத கூலிக்காரர்தான் வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கும் சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தது. கிராமத்து ஓட்டு கைவிட்டுப் போய்விடக் கூடாதே! 29-வது பிரிவில் பழச்சாறுக்கும் ஆப்பிள் சைடருக்கும் சலுகை. ஒரு குடும்பம் வருஷத்துக்கு 200 கேலன் வரை, அதாவது 750 லிட்டருக்கு மேல், பிழிந்து வைத்துக்கொள்ளலாம். 'உண்மையில் போதை தராததாக' இருந்தால் போதும். போதை தருகிறதா இல்லையா என்று யார் வீட்டுச் சமையலறைக்குப் போய் யார் பார்ப்பது? கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள இருந்தவர்கள், விலை ஏறுவதைப் பார்த்துப் புதிதாகக் கொடி நட ஆரம்பித்தார்கள். திராட்சைச் சாற்றைச் சுண்டவைத்து இறுக்கிச் செங்கல் மாதிரி கட்டி விற்றார்கள். அதில் ஒரு எச்சரிக்கை: இதைத் தண்ணீரில் கரைத்து ஜாடியில் ஊற்றி அலமாரியில் 20 நாள் வைத்துவிடாதீர்கள், அப்புறம் வைனாக மாறிவிடும். செய்முறையை எச்சரிக்கை என்ற தலைப்பில் அச்சடித்த அந்தப் புண்ணியவானுக்குச் சிலை வைக்கலாம்.

பீர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பாப்ஸ்ட், பட்வைசர் கம்பெனிகள் ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி டப்பா டப்பாவாக மால்ட் பாகு விற்றன. அத்தனை ரொட்டியை அமெரிக்கா அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் சுட்டதில்லை.

ஆக, வைன் பிரியருக்குச் செங்கல். பீர் பிரியருக்குப் பாகு. இரண்டும் வேண்டாம் என்பவருக்கு?

குளிர்தேசமாக இருந்தால் ஒரு வழி இருந்தது. நியூஜெர்சிப் பக்கம் குடியேற்றக் காலத்திலிருந்தே ஆப்பிள்ஜாக் என்று ஒன்று உண்டு. புளித்த ஆப்பிள் சைடரைப் பீப்பாயோடு மார்கழிக் குளிரில் வெளியே வைத்துவிடுவார்கள். தண்ணீர்தான் முதலில் உறையும். உறைந்ததை எடுத்து எறிய எறிய, உறையாமல் அடியில் நிற்பது சரக்கு. அடுப்பு இல்லை, புகை இல்லை, வாசனை பிடித்து வரும் போலீஸ் இல்லை. குறை ஒன்றுதான். கொதிக்கவைத்து வடித்தால் ஆகாததை ஓரளவு பிரித்துத் தள்ளலாம். இதிலோ நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே கெட்டியாகும். மறுநாள் காலைத் தலைவலி பிரசித்தம். அந்த ஊரில் இதற்கு 'ஜெர்சி மின்னல்' என்று பெயர். தெற்கே அலபாமாவில் இருப்பவருக்கு அந்த மின்னலும் இல்லை.

காய்ச்சத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க அரசாங்கமே இருந்தது. விவசாய இலாகா 1906-ல் விவசாயிகளுக்கென்று வெளியிட்ட சிறு புத்தகங்கள், மக்காச்சோளம், உருளைக்கிழங்கிலிருந்து தொழிற்சாலை ஆல்கஹால் எடுப்பது பற்றி விளக்கமாகச் சொல்லின. தொழிற்சாலைக்கு என்பதுதான் அதில் முக்கியமான சொல். 18-வது திருத்தத்தைக் கொண்டுவந்த டெக்சாஸ் செனட்டர் மாரிஸ் ஷெப்பர்டுக்குச் சொந்தமான பண்ணையிலேயே ஒரு சாராயப் பானை பிடிபட்டது. ஊறல் போட்டவருக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் என்ன ஞானம்! அங்கே யார் ரெய்டுக்கு வருவார்கள்?

எல்லாவற்றிலும் சுலபமானது ஜின். விஸ்கி என்றால் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் தூங்க வேண்டும். ஜின்னுக்குத் தூக்கம் தேவையில்லை. எங்கேயோ கிடைத்த ஆல்கஹால், ஜூனிப்பர் காய் எண்ணெய் சில சொட்டு, வழுவழுப்புக்குக் கொஞ்சம் கிளிசரின், பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர். மத்தியானம் கலந்தால் சாயந்திரம் விருந்து. இதற்குத்தான் குளியல்தொட்டி ஜின் என்று பெயர். தொட்டியிலேயே கலக்கினார்கள் என்பார்கள். உயரமான ஜாடி வாஷ்பேசின் குழாய்க்கு அடியில் நுழையாததால் தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாவதை நம்பலாம் என்று நினைக்கிறேன். குடித்தவர்களும் அதையே நம்ப விரும்பியிருப்பார்கள். நாற்றத்தை மறைக்கத் தேன், எலுமிச்சை, ஆரஞ்சு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிழிந்தார்கள். இன்றைக்கு நட்சத்திர ஹோட்டல் மெனுவில் அழகழகான பெயரில் ஆயிரம் ரூபாய்க்கு நிற்கிற காக்டெயில்கள் சிலவற்றின் பூர்வீகம் இந்த மூக்கைப் பொத்தும் உத்திதான். பழைய சலூனுக்குள் கௌரவமான வீட்டுப் பெண்கள் கால் வைத்ததில்லை. குடி வீட்டுக்குள் வந்த பிறகு அவர்களும் கிளாஸ் எடுத்தார்கள். வீலருடைய சங்கத்துக்கு இந்த விளைவு கனவிலும் வந்திருக்காது.

'எங்கேயோ கிடைத்த ஆல்கஹால்' என்றேனே, அந்த எங்கேயோவில் ஒரு இடம் சிகாகோவின் டெய்லர் தெரு. சிசிலித் தீவின் மார்சாலாவிலிருந்து வந்த ஜென்னா சகோதரர்கள் ஆறு பேர் அங்கே ஆட்சி. தொழிற்சாலை ஆல்கஹாலுக்கு முறைப்படி அரசு லைசென்ஸ் வைத்திருந்தார்கள். அது போதவில்லை. அக்கம்பக்கத்து ஏழை இத்தாலியக் குடும்பங்களின் சமையலறையில் ஒரு செப்புப் பானையை வைத்து, சோளச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கொடுத்து, காய்ச்சுங்கள் என்றார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 15 டாலர். ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நாள் முழுக்க முதுகொடிந்தால் 6 டாலர். (அந்த ஹென்றி ஃபோர்டு வேறு மதுவிலக்கின் பரம பக்தர்.) ஒரு பேட்டையே ஊறல் மணக்க, வாராவாரம் வந்து கேனில் எடுத்துப் போனார்கள். காவல் நிலையம் நாலு தெரு தள்ளி. மாசம் பிறந்தால் போலீஸ்காரர்கள் மாமூலுக்கு வரிசையில் நிற்பார்கள். வேறு ஸ்டேஷன்காரர்களும் நடுவில் புகுந்து கை நீட்டவே, உண்மையான பயனாளிகள் யார் என்று தெரிய, ஸ்டேஷனிலிருந்து பேட்ஜ் நம்பர் பட்டியலே அனுப்பினார்களாம். பிற்பாடு ஜென்னா ஆபீஸ் மேனேஜர் இதைப் போட்டுக்கொடுத்தார். ரேஷன் கடைகூட அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

பிடிக்கிற பக்கமும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நியூயார்க்கில் தபால் குமாஸ்தாவாக இருந்த இஸி ஐன்ஸ்டைன் மதுவிலக்கு ஏஜெண்டானார். குள்ளம், உருண்டை, மூஞ்சியில் போலீஸ் களையே கிடையாது. அதுவே மூலதனம். வெட்டியான், மீன்பிடிக்காரர், ஊறுகாய் வியாபாரி என்று தினம் ஒரு வேஷம். சட்டைப் பைக்குள் ஒரு புனல், அதிலிருந்து குழாய், குழாய்க்கு முடிவில் பாட்டில். ஊற்றிக் கொடுத்ததைச் சாட்சியத்துக்காகப் புனலில் கவிழ்ப்பார். ஒரு தடவை வேஷம் எதுவும் போடாமல், நான் மதுவிலக்கு ஏஜெண்டு, ஒரு பெக் கொடு என்றே கேட்டிருக்கிறார். நல்ல ஜோக் என்று சிரித்துவிட்டு ஊற்றினான் கடைக்காரன். கூட்டாளி மோ ஸ்மித்தோடு சேர்ந்து செய்த கைதுகள் 4,932. எந்த ஊரில் எத்தனை நேரத்தில் சரக்கு கிடைக்கும் என்று கணக்கும் வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் 35 விநாடி. டாக்ஸி டிரைவரிடம் கேட்டார், அவரே எடுத்து நீட்டினார். இவ்வளவு பிரபலமானால் மேலதிகாரிக்குத் தாங்குமா? 1925-ல் வேலை போயிற்று.

சட்டம் செய்த சபைக்கு மட்டும் இந்த அலைச்சல் இல்லை. ஜார்ஜ் காசிடி என்பவர் நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே அறை வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்குச் சப்ளை செய்தார். பிடிபட்ட பிறகு 1930-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் தொடர் எழுதி, ஐந்து உறுப்பினரில் நால்வர் குடிக்கிறவர்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தர்மம்.

இன்னொரு கதவு டாக்டர். சீட்டு எழுதி வாங்கினால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் விஸ்கி மருந்துக்கடையில் கிடைக்கும். 1931 டிசம்பரில் நியூயார்க் வந்த வின்ஸ்டன் சர்ச்சில், தன் ஊர்ப் பழக்கத்தில் எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்து காரில் அடிபட்டார். ஓட்டோ பிக்ஹார்ட் என்ற டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது: குணமாக மது அவசியம், குறிப்பாகச் சாப்பாட்டு வேளைகளில், அளவு வரையறை இல்லை, குறைந்தபட்சம் 250 மில்லி. இப்படி ஒரு டாக்டர் நமக்கு வாய்க்கவில்லையே என்று நம்மாள் பெருமூச்சு விட்டிருப்பார்.

சிரித்தது போதும். சீட்டு எழுதும் டாக்டரும், பேட்ஜ் பட்டியலும் இல்லாதவர் குடித்தது எதை? தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாது என்று அதில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலப்பது வழக்கம். கள்ளச்சரக்குக்காரர்கள் கெமிஸ்டுகளை வைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள். முழுதாகப் பிரியாது. 1926 முடிவில் அரசு என்ன செய்தது தெரியுமா? விஷத்தைக் கூட்டச் சொன்னது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரிக்குக் கண் தெரியவில்லை என்று கத்திக்கொண்டு வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. நகரத்தின் தலைமைப் பிரேதப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ், இந்தச் சாவுகளுக்குத் தார்மிகப் பொறுப்பு அரசாங்கத்துடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். குடிக்கத் தகுந்த ஆல்கஹாலை மக்களுக்குக் கொடுப்பது அரசின் கடமையல்ல என்றார் வீலர். கைகேயிகூட இவ்வளவு தூரம் போகவில்லை.

மெத்தனால் பழைய கதையும் இல்லை, அடுத்தவன் ஊர்க் கதையும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் சாகடித்தது அதே மெத்தனால்தான்.

இன்னும் ஏழைக்கு இஞ்சி. ஜமைக்கா இஞ்சி எசென்ஸ் என்று வயிற்றுக்கோளாறுக்கு மருந்துக்கடையில் விற்றார்கள். சின்ன பாட்டில், உள்ளே முக்கால் பங்கு ஆல்கஹால். யாரும் ஆசைக்குக் குடித்துவிடக் கூடாதென்று, வாயில் வைக்க முடியாத அளவு இஞ்சிச் சத்து இருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி வந்தால் கொதிக்கவைத்து, மிஞ்சும் கசடை எடை போட்டுப் பார்ப்பார். பாஸ்டனைச் சேர்ந்த ஹாரி கிராஸ், மேக்ஸ் ரைஸ்மன் என்ற இரண்டு புத்திசாலிகள் இஞ்சியைக் குறைத்து, எடைக்கு எடை நிற்கிற, ருசியில்லாத ஒரு ரசாயனத்தைச் சேர்த்தார்கள். வார்னிஷ் வகைகளில் போடுகிற சமாச்சாரம். அது நரம்பை அரிக்கும். 1930 ஆரம்பத்தில் ஒக்லஹோமா நகரில் ஆண்கள் திடீரென்று பாதம் தொங்கி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் முடமானவர்கள், பலருக்கு வாழ்நாளுக்கும் சரியாகவில்லை. தெற்கே அந்த நடையைப் பற்றிப் பாட்டுக்கட்டி இசைத்தட்டே வந்தது. புத்திசாலிகளுக்கு அபராதமும், நிறுத்திவைத்த இரண்டு வருஷத் தண்டனையும்.

இஞ்சி கடல் தாண்டியும் வேலை செய்தது. அமெரிக்கா கைகழுவி நாலு வருஷம் ஆவதற்குள், 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுக்க. நம்மவர்களும் மருந்துக்கடைக்குப் போய் இஞ்சி டிஞ்சரைக் கேட்டார்கள், மரச்சாமான் கடைக்குப் போய் வார்னிஷைக் கேட்டார்கள். இரண்டு ஊருக்கும் வரவுசெலவிலும் ஒற்றுமை உண்டு. அமெரிக்காவில் 1913-ல் வருமான வரி வந்த பிறகுதான் சாராய வரியை விட்டுக்கொடுக்கத் தைரியம் வந்தது. ராஜாஜி கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார். இன்று டாஸ்மாக் மதுக்கடை வருமானமும் இருக்கிறது, விற்பனை வரியும் வேறு பெயரில் இருக்கிறது என்பதைப் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவிலும் கடைசியில் ஜெயித்தது வரிதான். 1929-ல் பொருளாதாரம் குப்புற விழுந்ததும் கஜானாவுக்குச் சாராயம் அமிர்தமாகத் தெரிந்தது. ஜனாதிபதியாக ரூஸ்வெல்ட் வந்தார், 1933 மார்ச்சில் கையெழுத்துப் போட்டார். எதற்கு? 3.2 சதவீத பீருக்கும், அதே அளவு லேசான வைனுக்கும்! ஏப்ரல் 7 நள்ளிரவில் ஊரெல்லாம் கொண்டாட்டம். குதிரை வண்டியில் பட்வைசர் பவனி. வீதியே ஆடுகிறது, பீரும் வைனும் பிடிக்காதவர் மட்டும் வாசலில் நிற்கிறார். அவருக்கு இன்னும் எட்டு மாதம். டிசம்பர் 5-ம் தேதி மதுவிலக்கை நீக்கும் திருத்தத்துக்கு 36-வது மாநிலம் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் விஸ்கி வந்தது. அந்த 36-வது மாநிலம் யூட்டா. காபிகூடத் தொடாத மார்மன்களின் ஊர்.

உலகத்தில் ஒரே ஒரு தேசம் இவருக்கு நியாயம் செய்தது: ஐஸ்லாந்து. 1935-லிருந்து அங்கே விஸ்கி, வோட்கா எல்லாம் தாராளம், பீருக்கு மட்டும் தடை. 1989 மார்ச் 1-ம் தேதிதான் அதை எடுத்தார்கள். 54 வருஷம் பீர்க்காரர் வாசலில் நின்றார். பூமியில் எங்கேயாவது தர்மம் இருக்கத்தான் செய்கிறது. குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டில் பீர் செய்துகொள்ளலாம், ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரை. வைனுக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. 2011-ல் ஒபாமாவின் வெள்ளை மாளிகைச் சமையலறையிலேயே தோட்டத்துத் தேன் போட்டு பீர் இறக்கினார்கள். ஆனால் வீட்டில் ஒரு சின்னப் பானை வைத்து ஒரே ஒரு பாட்டில் ஜின் வடித்தால், தனக்கே என்றாலும், மத்திய அரசுச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. 2024-ல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். பலன் வழக்குப் போட்ட சங்கத்தாருக்கு மட்டும், அரசு மேல்முறையீடு செய்தது.

1799-ல், தான் இறந்த வருஷத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் மவுன்ட் வெர்னன் பண்ணையில் காய்ச்சியது ஏறக்குறைய 11,000 கேலன் விஸ்கி. அந்த வடிசாலையைப் பழையபடியே கட்டி 2007-ல் திறந்தார்கள். இப்போதும் அங்கே விஸ்கி வடிக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் பாட்டிலாகவே வாங்கிப் போகலாம். லைசென்ஸ் இருக்கிறது.